பத்து நாள் விடுப்பு: படுக்கையில் இருப்பவரை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பக்கவாதமோ மறதி நோயோ வந்து படுத்துவிட்ட பெரியவரை வீட்டில் ஒரே ஆள் மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில் பார்த்துக்கொள்கிறார். அவருக்குச் சில நாள் ஓய்வு கிடைக்க, அந்தப் பொறுப்பை இன்னொருவர் ஏற்று நடத்துவதுதான் மாற்றுப் பராமரிப்பு. ஆஸ்பத்திரிகளில் ரெஸ்பைட் கேர் என்பார்கள்.

ஆள் கிடைத்தும் இது கெட்டுப்போகிறது என்றால் பெரும்பாலும் வரிசை தப்பியிருக்கும். முதல் வேலையாக ஏஜென்சிக்குப் போன் போடுகிறார்கள். ஆள் வந்து சேர்கிறார். கடைசி அரை மணி நேரத்தில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். மூன்றாம் நாள் பாதி வழியில் திரும்பி வர வேண்டியதாகிறது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது தமிழ்நாட்டு நகரம் ஒன்றில் உள்ள சாதாரண வீடு. 76 வயது அம்மா, வலப்பக்கம் செயல் இழந்த பக்கவாதம், சர்க்கரைக்கு இன்சுலின், டயப்பர், வாய் வழியாக மசித்த சாப்பாடு. பார்த்துக்கொள்வது மகளோ மருமகளோ. மூக்கு டியூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குச் சாப்பாடு கொடுக்கும் குழாய்), யூரின் டியூப் (சிறுநீரைப் பைக்கு இறக்கும் குழாய்) இருந்தால் கூடுதலாக என்ன செய்ய வேண்டும் என்பதும் அங்கங்கே வரும். மொத்தத் தயாரிப்புக்கு நான்கு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் குறைந்தால் 9-ஆம் படியான ஒத்திகைக்குத்தான் நாள் இருக்காது. அதை விட்டால் மற்றதெல்லாம் வீண்.

1. எவ்வளவு நேரம் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வாரத்துக்கு நான்கு மணி நேரமா, ஒரு இரவுத் தூக்கமா, பத்து நாளா? மூன்றுக்கும் தேவையான ஆள் வேறு, செலவும் வேறு. நான்கு மணி நேரத்துக்குப் பழக்கமான பக்கத்து வீட்டு அக்காவே போதும். பத்து நாளுக்கு இரண்டு பேராவது வேண்டும்.

கல்யாணம், ஆபரேஷன், பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பது என்று தேதி குறித்த வேலை வந்த பிறகுதான் பலர் இதை யோசிக்கிறார்கள். அப்போது மறுக்க வழியில்லாமல், கிடைத்த ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். தேதி நெருக்காத நேரத்தில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டால், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு பெயர் கையில் இருக்கும்.

2. ஏழு நாள் நோட்டு எழுதுங்கள்

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். “அம்மாவுக்கு என்ன செய்யணும்?” என்று கேட்டால் “சாப்பாடு, மாத்திரை, டயப்பர், அவ்வளவுதான்” என்று பதில் வரும். ஒரு நாளில் உண்மையாக நடப்பதை எழுதினால் முப்பது நாற்பது வேலை வரும். பாதி வேலைகள் கைக்குப் பழகிப்போனதால், வேலை என்றே தோன்றுவதில்லை.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கட்டில் காலில் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். ஒவ்வொன்றையும் செய்த உடனே, நேரத்தோடு எழுத வேண்டும். இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் முக்கியமானவைதான் விட்டுப்போகும். ஒரு பக்கம் இப்படி இருந்தால் போதும்:

5.40 – டயப்பர் முழுக்க நனைந்திருந்தது, மாற்றியாச்சு. வால் எலும்புப் பக்கம் தோல் சரி.
6.30 – சர்க்கரை 142.
6.45 – இன்சுலின், வயிற்றில் இடப்பக்கம்.
7.05 – இட்லி ஒன்றரை, சாம்பாரில் குழைத்து. 35 நிமிஷம். வலக் கன்னத்தில் உருண்டை தங்கியிருந்தது, துணி சுற்றிய விரலால் எடுத்தது.
7.40 முதல் 8.15 வரை – சாய்க்காமல் உட்கார வைத்தது.
8.20 – மாத்திரை நான்கு. வெள்ளையைத் துப்பினார், தயிரில் வைத்துக் கொடுத்தது.

“வெள்ளையைத் துப்பினார்” என்ற வரிதான் இந்த நோட்டின் உயிர். புதிதாக வருபவருக்கு அது தெரியாவிட்டால் பத்து நாளும் அந்த மாத்திரை தலையணைக்கு அடியில்தான் கிடக்கும்.

ஏழு நாள் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மலம் கழிப்பது, தலைக்கு ஊற்றுவது, நகம் வெட்டுவது, படுக்கைப்புண் டிரஸ்ஸிங் எல்லாம் தினமும் வருவதில்லை. மூன்று நாள் நோட்டில் அவை விழாமல் போகலாம்.

3. வேலைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

நோட்டைப் பார்த்து மூன்று நிறப் பேனாவால் கோடிடுங்கள்.

யாரும் செய்யக்கூடியது: துணி துவைப்பது, கஞ்சி காய்ச்சுவது, பேச்சுத் துணை, கால் பிடித்துவிடுவது.

சொல்லிக்கொடுத்தால் செய்யக்கூடியது: புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, படுக்கையிலேயே உடம்பு துடைப்பது, யூரின் பையைக் காலி செய்வது.

நர்ஸ் செய்ய வேண்டியது: மூக்கு டியூப் போடுவது, யூரின் டியூப் மாற்றுவது, ஆழமான புண்ணுக்கு டிரஸ்ஸிங், ஊசி மருந்து. வீட்டார் கற்றுக்கொண்டு இன்சுலின் போடுவது வேறு. சம்பளத்துக்கு வருகிற, பயிற்சி இல்லாத ஆளிடம் அதை விடக் கூடாது.

இந்தப் பிரிவு இல்லாமல் ஏஜென்சியிடம் பேசினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஆயா போதுமான இடத்துக்கு நர்ஸ் சம்பளம் கொடுப்பீர்கள். அல்லது ஆயாவிடம் ஊசியைக் கொடுப்பீர்கள். நம் உதாரண வீட்டுக்குச் சரிவருவது: முழுநேர அட்டெண்டர் ஒருவர், இன்சுலின் வேளைக்கு வந்துபோகும் உறவினரோ நர்ஸோ ஒருவர்.

4. எந்த வழி என்று தேர்ந்தெடுங்கள்

நான்கு வழிகள் இருக்கின்றன. கலந்தும் செய்யலாம்.

உறவினர். “கொஞ்சம் வந்து பார்த்துக்கோ” என்று தம்பியிடம் கேட்டால் “கண்டிப்பா வரேன் அக்கா” என்பார், வர மாட்டார். எந்த நாள், எவ்வளவு நேரம், என்ன வேலை என்று தெரியாத உதவிக்கு யாராலும் நேரம் ஒதுக்க முடியாது. “வர்ற சனிக்கிழமை காலை 9 முதல் 1 வரை நீ வீட்டுல இரு, 11 மணிக்கு இளநீர் குடு, மத்ததை அட்டெண்டர் பார்த்துக்குவாங்க” என்று கேளுங்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் வேலை கொடுக்கலாம்: ஆன்லைனில் டயப்பருக்கு ஆர்டர் போடுவது, ஏஜென்சிக்குப் பணம் கட்டுவது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்குவது, தினமும் மாலை நோட்டுப் பக்கத்தின் போட்டோவைப் பார்த்துக் கேள்வி கேட்பது. பணம் மட்டும் அனுப்பும் அண்ணனுக்கு இந்தக் கடைசி வேலையைக் கட்டாயம் கொடுங்கள்.

வீட்டுக்கு வரும் ஆள். மறதி நோய் இருப்பவருக்கு இதுதான் முதல் தேர்வு. இடம் மாறினால் அவர்களுக்குக் குழப்பம் கூடும். பொழுது சாயும் வேளையில் அது இன்னும் அதிகமாகும்.

வெளியிடத்தில் தங்கல். முதியோர் இல்லம், நர்சிங் ஹோம் சிலவற்றில் ஒரு வாரம், பத்து நாள் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். போனில் விசாரித்து முடிவு செய்யாதீர்கள். இரவு எட்டு மணிக்கு நேரில் போய்ப் பாருங்கள். பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் தெரியும். கேட்க வேண்டியவை: இரவில் எத்தனை பேரை எத்தனை ஆள் பார்க்கிறார்கள்? டயப்பர் எந்த நேரங்களில் மாற்றப்படுகிறது? படுத்த படுக்கையாக இருப்பவரை எடுப்பார்களா? காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் கொண்டுபோவது? மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு இருக்கிறதா? கட்டிப்போடும் பழக்கம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். “தேவைப்பட்டா மட்டும்” என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

அரசு வழி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்ட் முதல்) வீட்டுக்கே வந்து பிபி, சர்க்கரை மாத்திரை தருவதும், பிசியோதெரபியும், படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி தணிப்புச் சிகிச்சையும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். இவர்கள் கூடவே தங்கிப் பார்ப்பவர்கள் இல்லை. ஆனால் மூன்றாம் குவியல் வேலைகளில் சிலவற்றை இவர்கள் எடுத்துக்கொண்டால் உங்கள் செலவு பெருமளவு குறையும். நீங்கள் கிளம்பும் முந்தைய வாரமே ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சென்னையில் கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது. உடம்பு நிலையை மொத்தமாக ஒருமுறை மதிப்பிட்டுக்கொள்ள அது நல்ல இடம். எங்கே எந்த வசதி என்று விசாரிக்க முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

பார்த்துக்கொள்ளப்படுபவர் முதியவராக இல்லாமல், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளையாக இருந்தால் வழி வேறு. 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ் சமர்த் என்ற தங்கல் திட்டமும், நிராமயா என்ற 1 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடும் உள்ளன. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

5. டாக்டரிடம் ஒரு தடவை போய் வாருங்கள்

பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு. நோயாளியை அழைத்துப்போக முடியாவிட்டாலும் நோட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் போகலாம். நான்கு விஷயங்களை எழுதி வாங்குங்கள்.

இப்போதைய மருந்துப் பட்டியல் ஒரே தாளில். மூன்று டாக்டர் எழுதிய ஐந்து சீட்டுகளை வைத்துக்கொண்டு புதிய ஆள் திண்டாடுவார். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு தடவை போவது இப்படித்தான்.

எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக் கூடாது. பெயரின் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருப்பவை மெதுவாகக் கரைவதற்காகச் செய்யப்பட்டவை. பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

சாப்பிட மறுத்தால் இன்சுலினை என்ன செய்வது. இது எழுத்தில் இல்லாவிட்டால், வெறும் வயிற்றில் முழு அளவு போட்டுவிடும் ஆபத்து உண்டு.

யூரின் டியூப், மூக்கு டியூப் மாற்ற வேண்டிய தேதி. அது உங்கள் பத்து நாளுக்குள் விழுந்தால் முன்கூட்டியே மாற்றிவிட்டுப் போங்கள்.

6. ஆளைத் தேர்ந்தெடுப்பதும் ஒப்பந்தமும்

ஏஜென்சிக்கு இப்போதுதான் போன் செய்ய வேண்டும். “பேஷன்ட்டைப் பார்க்க ஆள் வேணும்” என்று சொல்லாதீர்கள். “62 கிலோ, ஒரு பக்கம் வராது, ராத்திரி மூணு தடவை புரட்டணும், டயப்பர், வாய் வழியா ஊட்டணும், பொம்பளை ஆள்” என்று சொல்லுங்கள். எடையைச் சொல்வது முக்கியம். 45 கிலோ உடம்புக்காரர் தனியாக 62 கிலோவைப் புரட்டத் தெரியாமல் புரட்டினால் இரண்டாம் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டு போய்விடுவார்.

ஏஜென்சி சொல்லும் “24 மணி நேரம்” என்பதை அப்படியே நம்பாதீர்கள். மனுஷி தூங்க வேண்டும். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து புரட்டிவிட்டுப் பகல் முழுக்க வேலை செய்தால் மூன்றாம் நாள் யாராக இருந்தாலும் சுருண்டுவிடுவார்கள். ஒன்று, 12 மணி நேர ஷிப்டில் இரண்டு பேர். அல்லது பகலில் தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் அவர் தூங்க, அந்த நேரத்துக்கு வீட்டு ஆள். ஆட்கள் பாதியில் ஓடிப்போகிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும் வீடுகளில், அவருக்குப் படுக்க எங்கே இடம் கொடுத்தீர்கள், என்ன சாப்பாடு போட்டீர்கள் என்று கேட்டால் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

தாளில் எழுத வேண்டியவை: ஒரு நாள் சம்பளம், பதிவுக் கட்டணம், சாப்பாடு யார் பொறுப்பு, பஸ் காசு, லீவு எடுத்தால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள், செய்ய வேண்டிய வேலைகள், செய்யக் கூடாதவை. முழு மாத முன்பணம் கேட்டால் ஐந்து நாளுக்கு மட்டும் கொடுங்கள். ஆதார் நகல் வாங்குவதோடு நிறுத்தாமல் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வீட்டு வேலையாளுக்கான சரிபார்ப்புக்கு விண்ணப்பியுங்கள். அது வர நாளாகும். ஆகவே ஒத்திகைக்கு முன்பே போட்டுவிட வேண்டும்.

கேமரா வைப்பதாக இருந்தால் அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள், கட்டிலின் தலைமாட்டைப் பார்த்தபடி. உடம்பு துடைக்கும் இடம் அதில் தெரியக் கூடாது.

7. பொருள் கணக்கு

பத்து நாளுக்குப் பதினான்கு நாள் கணக்கில் வாங்கி வையுங்கள். பாதியில் தீர்ந்தால், ஓடிப்போய் வாங்கி வர வீட்டில் இரண்டாவது ஆள் இருக்க மாட்டார்.

டயப்பர் ஒரு நாளைக்கு 5 என்றால் 70. அண்டர்பேட் (மெத்தை நனையாமல் அடியில் விரிப்பது) ஒரு நாளைக்கு 2 என்றால் 28. கையுறை 100 உள்ள பெட்டி ஒன்று. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் 50. ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டால் கடலோர ஊர்க் காற்றின் ஈரத்திலேயே கெட்டுத் தப்பான எண் காட்டும்; எடுத்த உடனே மூடச் சொல்லுங்கள். தெர்மாமீட்டர், ஆக்சிஜன் மீட்டர், பிபி மெஷின் மூன்றுக்கும் புது பேட்டரி. திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜ் நடுத்தட்டில் இருக்கட்டும், ஃப்ரீஸரில் வேண்டாம். உறைந்துபோனதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

மாத்திரைகளை நீங்களே வேளைவாரியாக டப்பாவில் பிரித்து வைத்துவிட்டுப் போங்கள். அட்டையிலிருந்து எடுத்துத் தரும் வேலையை அட்டெண்டரிடம் விடாதீர்கள். டப்பாவில் காலி அறை எது என்று பார்த்தாலே கொடுத்தாரா இல்லையா என்பது தெரியும்.

ஏர் பெட் (படுக்கைப்புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தை) இருந்தால் ஒரு சோதனை. இடுப்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை விடுங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது காற்று நிற்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் அழுத்தம் போதவில்லை. கரன்ட் போனால் காற்று மெல்ல இறங்கும் என்பதையும் சொல்லிவையுங்கள். ஏர் பெட் இருக்கிறது என்பதற்காகப் புரட்டுவதை நிறுத்தக் கூடாது.

8. ஒப்படைப்புக் கோப்பு: நான்கு தாள், அதற்கு மேல் வேண்டாம்

இருபது பக்கம் எழுதிக் கொடுத்தால் படிக்க மாட்டார்கள். தமிழில், பெரிய எழுத்தில், பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் படம் வரைந்தும், வேளைக்கு ஒரு நிறமும் கொடுங்கள்.

முதல் தாள்: நோய், ஒவ்வாமை, மருந்து, எடை, ரத்த வகை, எந்த ஆஸ்பத்திரியில் பழைய ஃபைல் இருக்கிறது.

இரண்டாம் தாள்: ஏழு நாள் நோட்டிலிருந்து எடுத்த நேர அட்டவணை. பிடித்தவை, பிடிக்காதவையும் இதில்தான். “மின்விசிறி 2-க்கு மேல் வைத்தால் கத்துவார்”, “ஆறு மணிக்கு விளக்கேற்றியதும் திருநீறு பூசினால் அமைதியாகிவிடுவார்.”

மூன்றாம் தாள்: ஆபத்து அறிகுறிகள். இது சிவப்பு எழுத்தில்.

சர்க்கரை 70-க்குக் கீழே, விழிப்பாக இருக்கிறார், விழுங்குகிறார் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் நீரில் கரைத்துக் கொடு, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார். மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாதே, உடனே 108.
புதிதாக வாய் கோணல், பேச்சுக் குழறல், கை விழுதல்: மணியைப் பார்த்து எழுது, 108. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும், “எப்போது ஆரம்பித்தது?” என்பதுதான் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி.
காய்ச்சல் 100.4-க்கு மேல்: போன்.
ஆக்சிஜன் 94-க்குக் கீழ்: போன். 90-க்குக் கீழ்: 108. (நுரையீரல் நோய் இருந்தால் இந்த எண்களை டாக்டர் மாற்றி எழுதித் தருவார்.)
எட்டு மணி நேரமாக டயப்பர் காய்ந்தே இருக்கிறது, அல்லது யூரின் பையில் எதுவும் இறங்கவில்லை: போன்.
தோலில் சிவப்பு, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்கவில்லை: அந்தப் பக்கம் படுக்க வைக்காதே, தேய்க்காதே, போன்.

நான்காம் தாள்: யாருக்குப் போன் செய்வது, எந்த வரிசையில். நீங்கள் முதல் ஆளாக இருக்கக் கூடாது. ஊரிலேயே இருக்கும் ஒருவர் முதலில், இரண்டாமவர் அடுத்து, பிறகுதான் நீங்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு, ஐசியூ, வென்டிலேட்டர் வரை போவதா என்பதைக் குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவெடுத்து அந்த ஊர் ஆளிடம் சொல்லியிருக்க வேண்டும். சங்கடமான பேச்சுதான். ஆனால் நடு இரவில் கான்ஃபரன்ஸ் கால் போட்டு மூன்று ஊரிலிருந்து அண்ணன் தங்கைகள் சண்டை போடுவது இதைவிடச் சங்கடம்.

கேஸ் மூடுவது, தண்ணீர் மோட்டார், மெயின் சுவிட்ச் மூன்றையும் காட்டிவிடுங்கள். நகையைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். செலவுக்குச் சில்லறைப் பணமும் கணக்கு எழுதச் சின்ன நோட்டும் போதும். ஏடிஎம் கார்டு வேண்டாம்.

9. ஒத்திகை

நான்கு கட்டம். ஒன்றையும் தாண்டாதீர்கள்.

முதல் நாள் அவர் பார்க்க, நீங்கள் செய்யுங்கள். இரண்டாம் நாள் அவர் செய்ய, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருங்கள். ஆபத்து என்றால் மட்டும் பேச வேண்டும். “அப்படி இல்ல, இப்படி” என்று நிமிஷத்துக்கு ஒருமுறை திருத்தினால் அவர் உங்கள் முகத்தைப் பார்த்தே வேலை செய்யப் பழகுவார். பிறகு ஒரு நாள் நான்கு மணி நேரம் வெளியே போங்கள். கடைசியாக ஓர் இரவு வேறு வீட்டில் தூங்குங்கள். நான்கு மணி நேரத்தில் தெரியாத குறைகள் இரவில் தெரியும்.

இரண்டாம் நாளில் மூன்று வேலைகளை மட்டும் கூர்ந்து பாருங்கள்.

புரட்டுவது. இடப்பக்கம் திருப்ப வேண்டுமானால், முதலில் அவரைக் கட்டிலின் வலது ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் திருப்பியதும் விளிம்பில் தொங்குவார். நகர்த்த, பழைய காட்டன் புடவையை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரித்திருங்கள். துணியை இழுத்தால் உடம்பு வழுக்கி வரும், தோல் உரசாது. பிறகு வலது முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் வைத்து உருட்ட வேண்டும். செயல் இழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அந்தத் தோள் மூட்டைப் பிடித்து நிறுத்தத் தசைக்குப் பலம் இல்லை, நழுவிவிடும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும். முழுதாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால் மொத்த எடையும் இடுப்பு எலும்பில் இறங்கும், ஆகவே 30 டிகிரி சாய்வு போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும்.

ஊட்டுவது. நிமிர்த்தி உட்கார வைத்து, தாடை சற்றே கீழே குனிந்திருக்க, பலமுள்ள பக்கக் கன்னத்தில் டீஸ்பூன் அளவாக. ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்தது. புரை ஏறினாலோ குரல் கொழகொழவென்று ஆனாலோ நிறுத்த வேண்டும். சாப்பாடு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்று அர்த்தம், நிமோனியாவில் கொண்டுபோய் விடும். கஞ்சியைவிடத் தண்ணீரில்தான் புரை ஏறுவது அதிகம். முடிந்ததும் கன்னத்தைப் பார்த்து, அரை மணி நேரம் சாய்க்காமல் வைக்க வேண்டும். மூக்கு டியூப் என்றால் தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயரம், கொடுப்பதற்கு முன் மூக்கோரம் டியூபில் போட்ட குறி பழைய இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்ப்பது, முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர். டியூப் வெளியே வந்துவிட்டால் திரும்பச் சொருகாமல் நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

யூரின் பை. எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றும்போது பையைத் தூக்கி மடியில் வைத்துவிடுவார்கள். பையில் இருப்பது திரும்ப உள்ளே போய்க் கிருமி தொற்றும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். தரையில் படக் கூடாது.

10. படுக்கையில் இருப்பவரிடம் சொல்லுங்கள்

தூங்கும்போது நைசாக நழுவிப் போவதுதான் அதிகம் நடக்கிறது. விழித்துப் பார்த்து, “எங்கே போனாள்?” என்று அடுத்த பத்து நாளும் புதியவரை அண்ட விட மாட்டார். பேச்சு வராதவருக்கும் புரியும். இரண்டு நாள் முன்பு சொல்லி, கிளம்பும் அன்று காலை மறுபடி சொல்லி, திரும்பும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுக் காட்டுங்கள்.

மறதி நோய்க்காரருக்கு இந்தக் கணக்கு வேறு. முன்கூட்டிச் சொன்னால் அன்று முழுக்கப் பதற்றம்தான் மிஞ்சும். கிளம்பும் நேரத்தில் சுருக்கமாக, “கடைக்குப் போயிட்டு வரேன்மா, இவங்க கூட இருப்பாங்க” போதும். புதியவர் அன்று உங்கள் பழைய புடவை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வாசனையே பாதி வேலை செய்யும்.

11. விலகியிருக்கும் நாட்கள்

ஒரு நாளைக்கு ஒரு போன், குறித்த நேரத்தில். மாலை 7 மணி என்றால் 7 மணி. அதற்கு முன் நோட்டுப் பக்கத்தின் போட்டோ வந்திருக்க வேண்டும். மணிக்கொரு வீடியோ கால் போட்டால் அட்டெண்டருக்கு வேலை ஓடாது, நீங்களும் விடுப்பில் இருக்க மாட்டீர்கள்.

ஊரில் இருக்கும் உறவினர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், வேறு வேறு நேரத்தில், சொல்லாமல் போய்ப் பார்க்கட்டும். “நல்லா இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு வருவதில் பயனில்லை. உதடு காய்ந்திருக்கிறதா, அறையில் மூத்திர வாடை அடிக்கிறதா, தண்ணீர் பாட்டில் குறைந்திருக்கிறதா, போர்வையை விலக்கிக் குதிகாலும் வால் எலும்பும் எப்படி இருக்கின்றன: இந்த நான்கையும் பார்த்துச் சொன்னால் போதும்.

விடுப்பின் முதல் நாளிலேயே நீண்ட பயணத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். மாதக்கணக்கில் தூக்கம் கெட்ட உடம்பு முதல் இரண்டு நாள் தூங்கத்தான் கேட்கும், சிலருக்குக் காய்ச்சல்கூட வரும். தள்ளிப்போட்ட உங்கள் சொந்த வைத்தியத்தை மூன்றாம் நாள் வைத்துக்கொள்ளுங்கள்: பிபி, சர்க்கரை, முதுகு வலி, பல். தூக்கமே வரவில்லை, அழுகை நிற்கவில்லை, படுக்கையில் இருப்பவர் மேல் கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வருகிறது என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குப் பேசுங்கள். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

12. திரும்பி வந்ததும்

வந்த கையோடு அட்டெண்டரை அனுப்பிவிடாதீர்கள். அரை நாள் இரண்டு பேரும் இருக்க வேண்டும். முதலில் நோட்டைப் படியுங்கள். பிறகு அவர் முன்னிலையில் தலைப் பின்புறம், காது மடல், தோள்பட்டை, முழங்கை, வால் எலும்பு, இடுப்பு எலும்பு, முழங்காலின் உள்பக்கம், கணுக்கால், குதிகால் என்று வரிசையாகத் தோலைப் பாருங்கள். ஏதாவது தென்பட்டால் அன்றே கேட்டுவிடலாம். அவர் போன பிறகு கேட்க ஆள் இல்லை.

அவர் செய்த முறை உங்களுடையதைவிட வேறாக இருக்கும். தலைமாட்டை மாற்றிப் போட்டிருப்பார், இட்லிக்குப் பதில் இடியாப்பம் ஊட்டியிருப்பார். அம்மா சாப்பிட்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

மிச்சம் இருக்கும் டயப்பர், ஸ்ட்ரிப், மாத்திரையை எண்ணி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த தடவை வாங்க வேண்டிய கணக்கு அதுதான். நான்கு தாளில் மாறிய வரிகளை அன்றே திருத்துங்கள். அட்டெண்டர் வாசலில் நிற்கும்போதே அடுத்த தேதியைப் பேசிவிடுங்கள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலாக இருந்தாலும் சரி. அவரைப் பெரியவருக்குப் பழகியாகிவிட்டது. ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டால் மறுபடி ஒத்திகையின் முதல் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.